60 வயசுக்கு மேல எடை குறைக்கலாமா? எவ்வளவு, எப்படி? முழு விளக்கம்

காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் அருகே உள்ளது தென்னேரி. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல், ஊருக்குள் கோயில், வீட்டுக்குள் பட்டுத்தறி என்பது இந்தப் பகுதியின் அடையாளம்.

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், எழுந்திருக்க மதியம் ஆகிவிடும். மிதிபலகையை மிதிக்கிற காலும் நாடா வீசுகிற கையும்தான் வேலை செய்யும். இடுப்பும் முதுகும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். இப்படியே 30, 40 வருஷம் ஓடிய பிறகு, 60 வயதில் டாக்டர் சொல்லும் முதல் வார்த்தை: "எடையைக் குறைங்க."

ஆனால் எவ்வளவு குறைக்கணும், எத்தனை மாசத்தில் குறைக்கணும், சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் போதுமா? இதற்கெல்லாம் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான் பதில் சொல்கிறது. "ஒரே மாசத்தில் 10 கிலோ" என்று வரும் அந்தப் பதில்கள் வயதானவர்களுக்கு ஆபத்தானவை. ஏன் என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த 5ஆவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை கொண்டவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது பெண்களிடம் 30.9 சதவீதமாகவும் ஆண்களிடம் 28.2 சதவீதமாகவும் இருந்தது.

சர்க்கரை நோயும் கூடவே வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது.

எது அதிக எடை?

உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம்தான் பிஎம்ஐ. எடையை (கிலோவில்), உயரத்தின் (மீட்டரில்) இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். உதாரணத்துக்கு 155 செ.மீ. உயரம், 65 கிலோ எடை உள்ள ஒருவரின் பிஎம்ஐ சுமார் 27.

இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மேற்கத்திய நாடுகளில் இது 25, 30 என இருக்கும். நம் உடல்வாகில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகம் என்பதால்தான் இந்த வித்தியாசம்.

அதனால் இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. ஒரு டெய்லர் டேப் போதும். தையல் எந்திரம் இருக்கிற வீட்டில் இதற்குச் செலவே இல்லை.

60க்குப் பிறகு ஏன் கணக்கு மாறுகிறது?

காரணம், தசை. 30 வயதைத் தாண்டியதும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. 60க்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது.

சாப்பாட்டை மட்டும் குறைத்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் எலும்பின் அடர்த்தியும் குறையும். தராசு முள் கீழே இறங்கும்; ஆனால் கால் வலுவிழக்கும். பாத்ரூமில் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதுவரை தானே நடந்து கொண்டிருந்தவர் படுத்த படுக்கை ஆகிவிடும் அபாயம் உண்டு.

அதனால் வயதானவர்களுக்கு இலக்கே வேறு. ஒல்லியாவது முக்கியமில்லை. தரையில் உட்கார்ந்தால் பிறர் கை பிடிக்காமல் எழ வேண்டும். தறிக்குழியில் இருந்து தானே ஏறி வர வேண்டும். கோயில் பிரகாரத்தை உட்காராமல் ஒரு சுற்று வர வேண்டும். இதுதான் வெற்றி.

எவ்வளவு குறைத்தால் போதும்?

இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம். அதுவும் ஆறு மாதத்தில். 70 கிலோ உள்ளவர் முதலில் மூன்றரை கிலோவை இலக்காக வைத்தால் போதும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை குறைவது சரியான வேகம்.

"மூன்றரை கிலோவில் என்ன ஆகப்போகுது?" என்று நினைக்க வேண்டாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைவது தெரியவந்தது. அப்படியானால் மூன்றரை கிலோவுக்கு, ஒவ்வொரு அடிக்கும் 14 கிலோ.

அமெரிக்காவில் 2002இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும், வாரம் 150 நிமிட நடையும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவர்களிடம் 58 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் பலன் இன்னும் அதிகம்: 71 சதவீதம்.

எடை குறையவே இல்லையே, விட்டுடலாமா?

விட வேண்டாம். இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை.

அதாவது தராசு அசையாத மாதத்திலும் உடம்புக்குள் நல்லது நடக்கலாம். பிபி, சர்க்கரை அளவு, இடுப்புச் சுற்றளவு, மூச்சு வாங்காமல் ஏறும் படிகள் என எல்லாமே கணக்கில் வரும்.

நடந்தால் மட்டும் போதுமா?

போதாது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 160 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு ஆய்வு 2017இல் வெளியானது. உணவுக் கட்டுப்பாட்டுடன் நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள், தசைப் பயிற்சி மட்டும் செய்தவர்கள், இரண்டும் செய்தவர்கள் என மூன்று குழுவிலும் எடை ஒரே அளவில், சுமார் 9 சதவீதம் குறைந்தது.

ஆனால் நடை வகைப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 5 சதவீதத் தசையை இழந்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் இழந்தது 3 சதவீதம்தான். எழுவது, நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாடத் திறனில் அதிக முன்னேற்றம் கண்டதும் இவர்களே.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதுதான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு:

- வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு
- வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி
- வாரத்தில் 3 நாளாவது தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சி

"வயசாயிடுச்சு, இனிமே தசையா வளரப்போகுது?" என்பது வழக்கமான கேள்வி. வளரும். 1990இல் அமெரிக்காவில் 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு 8 வாரம் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

10,000 அடி கட்டாயமா?

இல்லை. இந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பரவியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுவதாக 2022இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

இப்போது 2,000 அடி நடப்பவர் நாளைக்கே 8,000க்குப் போக வேண்டாம். முதல் வாரம் 10 நிமிடம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக் கொண்டே போகலாம். நடக்கும்போது பேச முடியணும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

தென்னேரி போன்ற ஊர்களில் ஏரிக்கரை இயற்கையான நடைபாதை. மேடு பள்ளம் பார்த்து, வெளிச்சம் வந்த பிறகு, துணையோடு போவது நல்லது. நாய், பாம்பு பயம் உள்ள இடத்தில் இருட்டில் நடக்க வேண்டாம். கோடையில் 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

ஜிம் தேவையில்லை. இந்த ஐந்தும் போதும்:

1. நாற்காலிப் பயிற்சி: சுவரோரம் நாற்காலி போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். 10 முறை.
2. சுவர்த் தள்ளல்: சுவரில் உள்ளங்கையை வைத்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். 10 முறை.
3. குதிகால் உயர்த்தல்: நாற்காலியைப் பிடித்துக் கொண்டு முன்னங்காலில் எழும்பி இறங்குங்கள். 10 முறை.
4. பாட்டில் தூக்குதல்: தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ எடை. இரண்டு கையிலும் பிடித்து மடக்கி நீட்டுங்கள்.
5. ஒற்றைக்கால் நிலை: பிடிமானத்தோடு ஒரு காலில் 10 விநாடி. பிறகு அடுத்த கால்.

தறியில் இருப்பவர்கள் அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வரலாம். குழியில் இருந்து ஏறி இறங்குவதே ஒரு தசைப் பயிற்சிதான்.

உங்கள் கால் வலுவை எப்படித் தெரிந்து கொள்வது?

கைகளை மார்பின் குறுக்கே வைத்துக் கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியில் இருந்து முழுமையாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12 முறைக்குக் குறைவாகவும், பெண் 11 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால், விழும் அபாயம் அதிகம் என்று பொருள். மாதம் ஒருமுறை இதைக் காலண்டரில் குறித்து வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

சாப்பாட்டில் என்ன மாற்றணும்?

பட்டினி கிடக்க வேண்டாம். அரை மணி நேர நடையில் செலவாவது சுமார் 100 முதல் 130 கலோரி. ஒரு மெதுவடை அதை ஈடுகட்டிவிடும். அதனால் நடையை நம்பி மட்டும் எடை குறையாது, தட்டும் மாறணும்.

- சோறு: நிறுத்த வேண்டாம். மூன்று கரண்டி இரண்டாகட்டும். அந்த இடத்தில் கூட்டு, பொரியல், கீரை வரட்டும்.
- புரதம்: வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் அல்லது சற்றுக் கூடுதலாகத் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 8 முதல் 9 கிராம் இருக்கிறது. ரசம் சாதம், ஊறுகாயோடு முடியும் இரவு உணவில் புரதம் மிகக் குறைவு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும்.
- எண்ணெய்: ஒருவருக்கு மாதம் அரை முதல் முக்கால் லிட்டருக்குள் அடங்கட்டும்.
- டீ, காபி: ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மொத்தம் எட்டு ஸ்பூன். குறைக்க எளிதான இடம் இதுதான்.
- உப்பு: எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள்.

திருவிழா, கல்யாணம் வந்தால்? சாப்பிடுங்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்ட காஞ்சிபுரம் கோயில் இட்லி ஆவியில் வெந்த உணவுதான். அளவும், கூட வரும் நெய்யும்தான் விஷயம். ஒரு நாள் விருந்து யாரையும் கெடுக்காது. ஒரு நாள் தவறியதும் மொத்தத்தையும் கைவிடுவதுதான் கெடுக்கும்.

யார் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எடை குறையும்போது பிபி மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், சமீபத்தில் விழுந்தவர்களும் முதலில் ஆலோசனை பெற வேண்டும்.

நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம், திடீர் மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை: எந்த முயற்சியும் செய்யாமலேயே 6 முதல் 12 மாதத்தில் 5 சதவீத எடை குறைந்தால், அது நல்ல செய்தி இல்லை. வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். "இளைச்சுட்டீங்க, நல்லா இருக்கீங்க" என்று சொல்வதற்கு முன் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

2025இல் இந்திய சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே. நிறுத்தினால் எடை திரும்புவது வழக்கம். தசை இழப்பும் இதில் உண்டு என்பதால் புரதமும் தசைப் பயிற்சியும் அப்போதும் தேவை.

அரசு உதவி என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை பரிசோதனையும் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. முழங்கால், முதுகு வலியால் நடக்க முடியாதவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் கிடைக்கும்.

2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைப்பதுதான் இதன் நோக்கம். அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் காலில் பலத்த காயம் பட்ட பிறகும், 50 வயதைக் கடந்து ஓடத் தொடங்கி, 100க்கும் அதிகமான அரை மாரத்தான்களை முடித்தவர். எல்லோரும் ஓட வேண்டியதில்லை. தாமதமாகத் தொடங்கினாலும் உடம்பு ஒத்துழைக்கும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

"அப்பா, இதைச் சாப்பிடாதீங்க, அம்மா, அதைத் தொடாதீங்க" என்று சொல்வது எளிது. அதனால் பெரியவர்கள் ஒளித்துச் சாப்பிடுவார்கள், அல்லது கோபத்தில் சாப்பிடாமல் இருப்பார்கள். அதற்குப் பதிலாக, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று மாற்றுங்கள். சாயங்காலம் 20 நிமிடம் கூட நடந்து வாருங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள்.

சுருக்கமாக

- ஆறு மாதத்தில் 5 சதவீதம் போதும்
- நடை + தசைப் பயிற்சி + தடுமாறாமல் நிற்கும் பயிற்சி, மூன்றும் வேண்டும்
- சோறு குறையட்டும், புரதம் கூடட்டும்
- மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்
- தராசோடு சேர்த்து டேப்பையும் நாற்காலியையும் கவனியுங்கள்

இன்றைக்குத் தொடங்க வேண்டியது ஒன்றுதான்: நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் 10 முறை எழுங்கள். முடியாவிட்டால் 3 முறை. நாளைக்கு 4.