மாந்தீவும் கூட்டு மருந்தும்

மட்டக்களப்பு வாவியிலுள்ள சிறு தீவுகளுள் ஒன்று மாந்தீவு. தொழுநோயாளரைப் பிரித்து வைத்தற்பொருட்டு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வைத்தியசாலையொன்று நிறுவப்பட்டது. இலங்கையில் இத்தகைய பிரிப்பு புதியதன்று. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிலேயே ஹெந்தளையில் தொழுநோய் நிலையம் அமைத்தனர். ஆங்கிலேயராட்சியில், 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பிரிப்புக்கு அதிகாரம் வழங்கிற்று. தக்க மருந்தில்லாத அக்காலத்தில் மாந்தீவாருக்கு வாவி நீரே மதிலாயிற்று.

இம்மதிலைத் தகர்த்த வரலாறு நோக்கற்பாலது. 1940களில் டப்சோன் எனும் மருந்து பயன்பாட்டிற்கு வந்தது. ஆயின், தனி மருந்தை நெடுங்காலம் வழங்கியமையால் அதற்கு அடங்காத கிருமிகள் பெருகின. இவ்வுண்மை 1964இல் உறுதியாயிற்று. 1981இல் உலக சுகாதார தாபனத்தின் ஆய்வுக் குழு டப்சோன், ரிபாம்பிசின், குளோபசிமின் என்பவற்றை இணைத்து வழங்குமாறு பரிந்துரைத்தது. ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமி மற்றையதற்கு மடியும். அனைத்திற்கும் ஒருங்கே தப்புதல் மிக அரிது. இதுவே கூட்டு மருந்தின் தத்துவம். 1983இல் இம்முறை இலங்கைக்கு வந்தது. 1995இல் நாட்டின் நோய்ப் பரம்பல் பதினாயிரத்திற்கு ஒருவர் என்னும் அளவினுங் குறைந்தது.

எச்.ஐ.வி. சிகிச்சையின் வரலாறும் இதே பாதையிற் சென்றது. 1987இல் சிடோவுடின் எனும் முதல் மருந்து அங்கீகாரம் பெற்றது. தனித்து வழங்கப்பட்டபோது, விரைந்து உருமாறும் அவ்வைரசு அதனையும் வென்றது. 1996இல் வான்கூவர் மாநாட்டில் மூன்று மருந்துகளை இணைத்த சிகிச்சையின் பெறுபேறுகள் வெளியாயின. மரணங்கள் பெரிதுங் குறைந்தன. இலங்கையில் 2004 முதல் இம்மருந்து இலவசமாக வழங்கப்படுகின்றது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்தமைக்காக 2019இல் இந்நாடு உலக சுகாதார தாபனத்தின் சான்றிதழையும் பெற்றது.

எனினும் இரண்டிற்கும் வேறுபாடுண்டு. தொழுநோய் கூட்டு மருந்தினால் முற்றாகக் குணமாகும். எச்.ஐ.வி. உடற்கலங்களுள் மறைந்துறைவதால் மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். அவ்வாறு உட்கொண்டு, இரத்தத்தில் வைரசு கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவு வழியே நோய் தொற்றாது.

ஈண்டு மாந்தீவு ஒரு பாடம் புகட்டுகின்றது. நோய் நீங்கிய பின்னரும் ஏற்பாரின்றி அத்தீவிலேயே முதுமையடைந்தோர் உளர். கிருமியை அழித்த மருந்தால் ஊராரின் அச்சத்தை அழிக்க முடியவில்லை. எச்.ஐ.வி.யைப் பொறுத்தமட்டில் இவ்வச்சம் சிகிச்சையையே கெடுக்கவல்லது. பழிக்கு அஞ்சுபவர் பரிசோதனைக்குப் பிந்தி வருவார், மருந்தை ஒளித்து வைப்பார், வேளை தவறுவார். வேளை தவறுமிடத்து மருந்துக்கு அடங்காத வைரசு தலையெடுக்கும். ஆகவே பழிச்சொல்லும் நோயின் துணைவனேயாம்.

மூன்று மருந்துகளை ஒரு வில்லையில் இணைக்க விஞ்ஞானம் கற்றுவிட்டது. அவ்வில்லையை அச்சமின்றி விழுங்கத்தக்க சூழலை அமைத்தல் நம் சமூகத்தின் கடன். வாவியின் நடுவே அன்று எழுந்த தீவை நம் உள்ளங்களில் மீண்டும் எழுப்பாதிருப்போமாக!