மூன்று கரண்டிச் சர்க்கரை

நீரிழிவு என்றதுமே சர்க்கரையை நஞ்சென விலக்குவது நம்மவர் இல்லங்களில் ஊறிப்போன வழக்கம். வழக்கம் நன்றே. ஆயினும், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும் வேளையில் அந்தச் சர்க்கரையே அவர் உயிரைக் காக்கும் மருந்தாகிறது. இன்சுலினின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடமும் இதுவே.

கனடாவின் டொராண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் பேராசிரியர் மக்ளியாடின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதனைத் தூய்மை செய்யும் பொறுப்பை ஏற்ற காலிப் என்னும் அறிஞர், நலமுள்ள முயல்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்தார். முயல்கள் வலிப்புக் கண்டு வீழ்ந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிந்து எழுந்தன. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்ததே காரணம் என்று புலனாயிற்று. மருந்தின் வலிமையை அளக்க வேறு வழியில்லாத அந்நாளில், பட்டினியிட்ட முயலின் சர்க்கரையை வலிப்புக் காணும் நிலைக்கு இறக்கவல்ல அளவைக் கொண்டே ‘அலகு’ வகுக்கப்பட்டது. பத்து அலகு, இருபது அலகு என்று இன்று நாம் எண்ணும் எண்ணுக்குள் அபாயமும் ஆதியிலேயே அடங்கியிருந்தது.

1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் முதன்முதலாக இம்மருந்தைப் பெற்று உயிர் பிழைத்தான். அதற்குமுன் இத்தகைய சிறார்க்குப் பட்டினியையொத்த உணவுமுறையன்றி வேறு கதியில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ஆம் ஆண்டு மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். ஊசி பல வீடுகளை எட்டியது. ஊசியின் மறுபக்கத்தைப் பற்றிய அறிவு அவ்வளவு விரைவில் எட்டவில்லை.

1993-இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்று இருபக்கங்களையும் தெளிவாக்கியது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோர்க்குக் கண், சிறுநீரக, நரம்புக் கேடுகள் வெகுவாகக் குறைந்தன; ஆனால் கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மும்மடங்காகியது. அடிக்கடி தாழ்ந்தால் வியர்வை, படபடப்பு முதலிய எச்சரிக்கைகளே மங்கிவிடும் என்பதும், சில வாரங்கள் தாழாமல் காத்தால் அவை பெரும்பாலும் மீளும் என்பதும் அக்காலத்து ஆய்வுகளால் விளங்கின. ஆகவே, ‘எனக்கு இது பழகிவிட்டது’ என்று ஒருவர் கூறுவது தேறுதலன்று, ஆபத்தின் அறிகுறி.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. அங்கு வாழும் நம்மவர்க்குச் சொற்சிக்கல் ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, தள்ளாடிய முதியவர் ஒருவரைக் குடிகாரர் என்று பலர் விலகிச் செல்லக் கண்டோம். அவர் சட்டைப்பையில் இன்சுலின் சீட்டு இருந்தது. தேநீர்க் கடையில் ‘சர்க்கரை’ கேட்டோம். கடைக்காரர் வெல்லக்கட்டி ஒன்றைக் கொணர்ந்தார். மலையாளத்தில் அச்சொல் வெல்லத்தையே குறிக்கும் என்பதும், நாம் வேண்டியது ‘பஞ்சசாரை’ என்பதும் அப்போது நினைவுக்கு வந்தன. அவரும் வேற்றுமுகம் காட்டாது சர்க்கரையை நீரில் கரைத்துத் தந்தார். கால்மணி நேரத்தில் முதியவர் நிமிர்ந்து, தாம் காலையில் ஊசி போட்டதையும் உணவு கொள்ளாததையும் சொன்னார்.

உணவு தவறுதல், வழக்கத்தை மீறிய உழைப்பு, மது, சிறுநீரகக் கோளாறு ஆகியவை சர்க்கரையைத் தாழ்த்தும் காரணங்கள். தேயிலைச் சரிவில் பகலெல்லாம் ஏறி இறங்கியவர்க்கு அதன் விளைவு நள்ளிரவிலும் தோன்றலாம். 40 அலகு மருந்துக்குரிய ஊசிக்குழலில் 100 அலகு மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு உட்செல்லும். குப்பியும் குழலும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால், சோதிக்க இயலாதபோது அறிகுறி தோன்றினாலும், 15 கிராம் சர்க்கரை, அதாவது சிறு கரண்டியில் மூன்று, நீரில் கரைத்துப் பருகுதல் வேண்டும். 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதித்து, தேறவில்லையெனில் மறுமுறையும் பருகலாம். தேறியபின் உணவு கொள்க. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துக் கிடத்தி, 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அடிக்கடி தாழுமாயின், நாளும் நேரமும் குறித்து மருத்துவரிடம் காட்டி அளவைத் திருத்திக்கொள்வதே முறை. தாமாகவே ஊசியை நிறுத்துதல் தகாது.

டொராண்டோ ஆய்வாளர் முயலருகே குளுக்கோஸை வைத்திருந்தனர். நம் இல்லத்து இன்சுலின் குப்பியருகிலும் சட்டைப்பையிலும் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். அது எதற்கென்று வீட்டாரும், உடன் பணிபுரிவோரும், மொழி வேறுபட்ட அண்டையாரும் அறிந்திருக்கட்டும்.