குடிமதிப்பும் திருச்சபையும்: மதுரைச் சமவெளியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

அரசு தன் குடிகளை எண்ணும்போது தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. அவர்களுக்குப் பெயரும் இடுகிறது. "உன் மதம் யாது, சாதி யாது, தாய்மொழி யாது" என்று வினவி எழுதப்படும் விடை, எழுதிய மாத்திரத்தில் வெறும் செய்தியாக நின்றுவிடாமல், உரிமையாகவோ உரிமை மறுப்பாகவோ மீண்டும் அவன் வீட்டு வாயிலுக்கே வந்து சேருகிறது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையத்தைச் சுற்றி நோக்கினாலே போதும்.

கோரிப்பாளையத்தைச் சூழ்ந்த பெயர்கள்

இங்குள்ள தர்கா இப்பகுதியின் பழமைக்குச் சான்று. அதனை நாடி வரும் முஸ்லிம்கள் யாவரும் மதப் பத்தியில் ஒரே பெயரைப் பெறுவர். மொழிப் பத்தியிலோ இராவுத்தர் தமிழையும், தக்கணியர் உருதுவையும் எழுதுவர். மதம் ஒன்றாயின் மொழியும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவோரின் கருத்தை இவ்வொரு தெருவே மறுத்துவிடுகிறது. ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து தென்கரைக்குச் சென்றால் சௌராஷ்டிர நெசவாளரின் வீதிகள் உள்ளன. பழைய ஏடுகளில் 'பட்டுநூலி' எனக் குறிக்கப்பட்ட அவர்தம் மொழி, 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அட்டவணையில் தனிமொழியாக நிற்கவில்லை. குஜராத்தி என்னும் தலைப்பின்கீழ் ஒரு தாய்மொழியாக அடங்கி நிற்கிறது. அக்கணக்கெடுப்பில் மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டபின் 1,369 ஆயின. அவற்றைத் தொகுத்துப் பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர் பேசும் 121 மொழிகளாக அரசு வெளியிட்டது. சொன்னவன் நாவிலுள்ள பெயர் ஒன்று. அட்டவணையில் அமர்ந்த பெயர் மற்றொன்று. தொகுப்பவன் கையில் எத்துணை அதிகாரம் உள்ளது என்பதை இதனால் அறியலாம்.

ஒரே ஆண்டில் இரண்டு ஏடுகள்

சென்னை மாகாணம் முழுவதற்குமான பொதுக் குடிமதிப்பு 1871 இல் நடைபெற்றது. கார்னிஷ் என்னும் மருத்துவ அதிகாரி அதன் அறிக்கையை எழுதினார். நாடு முழுதும் ஒரே காலத்தில் எண்ணும் முறை 1881 இல் தொடங்கிற்று. குற்றப் பரம்பரைச் சட்டம் முதன்முதல் இயற்றப்பட்ட ஆண்டும் அதே 1871 என்பது கருதத்தக்கது. ஓர் ஏடு மக்களைச் சாதிவாரியாக எண்ணிற்று. மற்றோர் ஏடு சில சாதியாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பதிவு செய்ய வழிவகுத்தது. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இப்பிந்திய ஏடு மதுரைச் சமவெளியின் பிரமலைக் கள்ளரையும் பற்றிக்கொண்டது. கைரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்ற மக்கள்மீது, உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் காவலர் சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். 1947 இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. கோரிப்பாளையச் சந்திப்பில் சிலையாக நிற்கும் முத்துராமலிங்கத் தேவர் அதனை எதிர்த்தவருள் முன்னின்றவர். எழுதப்படுதல் என்றாலே அஞ்சும் மனநிலை நம் மக்களிடையே காணப்படுமாயின், அது வெறும் அறியாமையன்று; அதற்கு வரலாறு உண்டு.

பெயருக்காக நடந்த போராட்டம்

1901 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, சாதிகளை அவற்றின் சமுதாய மதிப்பின்படி வரிசைப்படுத்த முற்பட்டார். அதன் விளைவாக ஒவ்வொரு சாதியாரும் தமக்கு உயர்ந்த பெயர் வேண்டி மனுச் செய்யலாயினர். 1910 இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கத்தின் முயற்சியால், 1921 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய இழிபெயர் நீங்கி 'நாடார்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. 1922 இல் எம். சி. இராஜா சென்னைச் சட்டசபையில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அரசேட்டில் இடம்பெற்றது. இவ்விரு போராட்டங்களும் வீண்பெருமைக்காக எழுந்தனவல்ல. பிறர் இட்ட பெயரைச் சுமந்தவன் தன் பெயரைத் தானே சொல்லும் உரிமையைக் கேட்டான், அவ்வளவே.

மதப் பத்தியிலும் அமைதி நிலவவில்லை. 1909 இல் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி அளிக்கப்பட்டபின், எண்ணிக்கையே அரசியல் வலிமையாயிற்று. அடுத்த ஆண்டில் ஆணையர் கேட், இந்து என எழுதப்படுவோருள் கோயிலுக்குள் விடப்படாதவர், பிராமணப் புரோகிதர் இல்லாதவர் யாவர் எனப் பிரித்துக் காட்டுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது பெரும் சர்ச்சை மூண்டது. கோயில் கதவு அடைக்கப்பட்டிருந்த மக்கள், கணக்கேட்டின் கதவு மட்டும் தங்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டதைக் கண்டனர்.

திருச்சபை தன்னை எண்ணிய விதம்

1834 இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1847 இல் சாதியை விடாதவர் சபையில் அங்கம் வகிக்கலாகாது என உறுதி செய்தது. உடன்பந்தியில் அமர்ந்து உண்பதே அதற்குச் சோதனையாக வைக்கப்பட்டது. 1850 இல் சென்னையில் கூடிய மிஷனெரிகளின் மாநாடும் அவ்வழியே நின்றது. பலர் சபையை விட்டு நீங்கினர். ஆயினும் மிஷன் பின்வாங்கவில்லை. இக்கொள்கையின் எதிரொலியைக் கணக்கேடுகளிலும் காண்கிறோம். சாதிப் பத்தியில் 'இந்தியக் கிறிஸ்தவர்' என்றே எழுதிக்கொண்டோர் பலர். மறுபுறம் அதே ஏடுகள் கிறிஸ்தவரிடம் சபைப் பிரிவையும் கேட்டன. ரோமன் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன், காங்கிரிகேஷனல் எனப் பகுத்து எண்ணின. 1908 இல் தென்னிந்திய ஐக்கிய சபையும், 1947 செப்டம்பர் 27 ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையும் உருவானபோது, அப்பத்திகளுள் சில பொருளற்றுப் போயின. பிரிவினைப் பெயர்களை விட்டுவிட முடிந்த நம்மால் சாதியை விட முடிந்ததா? கல்லறைத் தோட்டத்திலும், திருமண ஏற்பாட்டிலும், சபைத் தேர்தலிலும் இதற்கு விடை கிடைக்கிறது. சாதி ஒழிந்துவிட்டது என்று ஏட்டில் எழுதினோம். ஆனால் ஏட்டிலிருந்து மட்டுமே அது மறைந்தது.

அடைக்கப்பட்ட பத்தி

இங்கேதான் வரலாறு நம்மை நெருக்குகிறது. 1936 ஆம் ஆண்டு அட்டவணைச் சாதியார் ஆணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அட்டவணைச் சாதியாராகக் கொள்ளப்படார் என்று கூறிற்று. அக்காலத்தில் அதற்கு ஒரு நிருவாகக் காரணம் இருந்தது எனலாம்: 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சென்னைச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்கு 8 தனியிடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன, ஒருவரை இரு பட்டியல்களில் வைக்க அரசு விரும்பவில்லை. 1949 இல் அரசியல் நிருணய சபை மதவழிப்பட்ட தனியிடங்களை நீக்கியது. சபையின் துணைத்தலைவர் ஹரேந்திர கூமர் முகர்ஜியும், சென்னையிலிருந்து சென்ற ஜெரோம் டிசௌசா அடிகளாரும் ஆகிய கிறிஸ்தவத் தலைவர்களே அதனை மனமுவந்து ஆதரித்தனர். ஆக, தனியிடம் போயிற்று. ஆனால் அதனையொட்டி வந்த தடை போகவில்லை. 1950 ஆகஸ்ட் 10 ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதார் அட்டவணைச் சாதியாராகக் கொள்ளப்படார் என்றது. 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் அட்டவணைச் சாதியினின்று கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931 இல் நடந்தது. விடுதலைக்குப் பின் அட்டவணைச் சாதிகளும் பழங்குடிகளும் மட்டுமே தனித்து எண்ணப்பட்டன. 2011 இல் கணக்கெடுப்பாளருக்குத் தரப்பட்ட விதி தெளிவானது: பழங்குடியார் எம்மதத்தினராகவும் இருக்கலாம், அட்டவணைச் சாதியார் இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருள் மட்டுமே இருக்க முடியும். எனவே தமிழ்நாட்டில் அவ்வாண்டு எண்ணப்பட்ட 44 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவருள் தலித் மக்கள் எத்தனை பேர் என்பதை அவ்வேடு சொல்லாது.

இதன் கொடுமை 1985 இல் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், அட்டவணைச் சாதித் தொழிலாளருக்கு இலவசமாகத் தரப்பட்ட பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையுடன் சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. சான்று கேட்கப்பட்டது, சான்று திரட்டக்கூடிய பத்தியோ சட்டத்தினாலேயே அடைக்கப்பட்டிருந்தது. 2007 இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் ஒன்றிய அரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது.

போதகர் முன்னுள்ள வினா

2021 இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2025 ஏப்ரல் 30 அன்று எல்லாச் சாதிகளையும் எண்ணுவதென ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூன் 16 ஆம் நாள் அறிவிக்கை, 2027 மார்ச் 1 ஐக் குறிப்பு நாளாக வைத்தது. ஆகவே கிறிஸ்தவனும் தன் சாதியைச் சொல்லுமாறு கேட்கப்படும் நிலை தோன்றியுள்ளது. "சாதியை மறுதலித்தவர் நாம், எவ்வாறு எழுதுவோம்?" என்று சிலர் கேட்பர். "கிறிஸ்தவன் என்று எழுதினால் பிள்ளையின் சான்றிதழ் போய்விடுமே" என்று வேறு சிலர் அஞ்சுவர். ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்தும், ஏட்டில் வேறு மதத்தை எழுத நேரும் குடும்பங்களை நாம் அறிவோம்.

முதலாமவருக்கு நாம் கூறத்தக்கது: நோயின் பெயரைச் சொல்வது நோயைப் போற்றுவதாகாது. உடன்பந்தியைச் சோதனையாக வைத்த நம் முன்னோர், யார் யாருடன் உண்ண மறுத்தார் என்பதை அறிந்தே அதனை வைத்தனர். இரண்டாமவருக்குக் கூறத்தக்கது: 1948 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, தனியொருவரைப் பற்றிய பதிவு பிறர் பார்வைக்கு உரியதன்று, உரிமையியல் வழக்கில் சான்றாகவும் கொள்ளப்படாது. இதனை ஒவ்வொரு சபையிலும் எளிய சொற்களில் விளக்குவது போதகரின் கடமை. ஆனால் அஞ்சி வேறு விடை எழுதுவோரைப் பீடத்திலிருந்து கடிந்துகொள்ள நமக்குத் தகுதி உண்டா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மெய் சொல்வதற்குச் சோற்றை விலையாகக் கேட்பது சட்டம். அவ்விலையை அவர்கள் தனியே செலுத்துமாறு விட்டுவிட்டிருப்பது சபை.

தாவீது தன் படைவலிமையை அறிய மக்களை எண்ணியபோது தீங்கு விளைந்ததை வேதம் கூறுகிறது. யாத்திராகமத்திலோ எண்ணப்படுகிறவன் ஒவ்வொருவனும் அரைச்சேக்கல் கொடுக்க வேண்டும். செல்வன் அதற்கு அதிகமாகவும் தரித்திரன் அதற்குக் குறைவாகவும் தரலாகாது என்பது கட்டளை. எண்ணுதல் இருவகைப்படும்: ஆள்வோன் தன் பலத்தைக் காண எண்ணுவது ஒன்று, ஒவ்வோர் உயிரும் ஒரே மதிப்புடையது என்பதை அறிய எண்ணுவது மற்றொன்று. அரசின் ஏடு எவ்வகையது என்பதை முழுமையாகத் தீர்மானிக்க நம்மால் இயலாது. சபையின் ஏடு நம் கையில் உள்ளது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே வரிசையில் எழுதப்பட்டோர் கல்லறைத் தோட்டத்திலும் ஒரே வரிசையில் கிடத்தப்படும் நாளில்தான், அரசின் பத்தியைத் திருத்துமாறு கேட்கும் நம் குரலுக்கு வலிமை உண்டாகும்.