கித்தார்: நடுப்படியின் வரலாறு



நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கித்தார் வாங்கித் தரும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். பிள்ளை ஐந்தாறு கார்டுகளைப் பிடிக்கக் கற்று, இரண்டு திரைப்பாடல்களுக்கு மீட்டுவான். ஆண்டு முடிவதற்குள் கித்தார் சுவரில் தொங்கும். "பையனுக்கு இசை வரவில்லை, ஐயா" என்பார்கள். இசை வராமலில்லை, நடுப்படியில் கால் வைக்கவில்லை, அவ்வளவே.

அந்தப் படியைக் கட்டியவர்களுள் இருவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிசில் வாழ்ந்தவர்கள்: பார்சிலோனாவில் 1778இல் பிறந்த பெர்னாண்டோ சோர், புளோரன்சைச் சேர்ந்த மத்தேயோ கார்காசி. வெறும் விரற்பயிற்சி மாணவனைச் சலிக்க வைக்கும். பெரிய உருப்படியோ கைக்கு எட்டாது. ஆகவே விரலுக்குரிய ஒவ்வோர் இடர்ப்பாட்டையும் ஒரு சிறு இசைவடிவத்துக்குள் பொதிந்து வைத்தனர். கார்காசியின் 60ஆம் எண் தொகுப்பில் 25 பாடங்கள் உள்ளன. முதற்பாடம் சுரவரிசை ஓட்டம். மூன்றாம் பாடத்தில் மெட்டு மேலே தெளிவாக ஒலிக்க, மற்றச் சுரங்கள் அடங்கி நிற்க வேண்டும். ஏழாம் பாடத்தில் ஒரே சுரத்தை மூன்று விரல்கள் மாறி மாறி மீட்டும். சோரின் பாடங்களுள் 20ஐத் தேர்ந்து செகோவியா 1945இல் வெளியிட்டார். இரண்டு தொகுப்புகளும் இன்றும் வழக்கில் உள்ளன.

நமக்கும் இது புதிதன்று. சரளிவரிசைக்கும் கீர்த்தனைக்கும் இடையே வர்ணம் நிற்கிறதே! பச்சிமிரியம் ஆதியப்பையரின் பைரவி வர்ணத்தைக் கச்சேரி வித்துவான்களும் விட்டுவிடுவதில்லை.

இளையராஜாவின் கதையைப் பெற்றோர்கள் அவசியம் அறிய வேண்டும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலின்போது அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே பாடினார். நம்மைப் போன்ற தோட்டமக்கள்தாம் கேட்டவர்கள். அந்தக் குழுவில் பல ஆண்டுகள் ஊர் ஊராக வாசித்த அனுபவம் இளையராஜாவுக்கு இருந்தது. எனினும் 1968இல் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக அமர்ந்து மேற்கத்திய இசைக்குறியீட்டைக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கித்தார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். கைதட்டல் வாங்கிய பிறகும் பாடத்துக்குத் திரும்பியவர் அவர்.

நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் வெட்டியவர்கள். கத்தி ஆழப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த அளவு கைக்குப் பிடிபட எத்தனை விடியற்காலைகள் ஆகியிருக்கும்! வீட்டில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கார்காசியின் மூன்றாம் பாடத்தில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம், மிக மெதுவாக. வாரம் முழுதும் அதே வரி காதில் விழும். "இன்னும் இதுதானா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.