மழைக்காலமும் படகுக் கூலியும்: ஆங்கிலக் கால்வாய்த் தொழிலாளர் பற்றிய சில குறிப்புகள்

‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் இயந்திரத்தைப் பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ் போகிற போக்கில் ஒரு செய்தியைக் கூறிச் செல்கிறார். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளை இழுப்பதற்குக் குதிரைகளுக்குப் பதிலாகச் சிலவேளைகளிற் பெண்கள் பயன்படுத்தப்படுகின்றனர். குதிரையையும் இயந்திரத்தையும் உருவாக்க வேண்டிய உழைப்பின் அளவு கணக்கிடத்தக்கது. மிகைப்பட்ட குடித்தொகையைச் சேர்ந்த பெண்ணைப் பராமரிக்கும் செலவோ கணக்கிற்கே வராதது என்பது அவர் காட்டும் காரணம். கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றாசிரியர்கள் கால்வாய்களின் நீளத்தையும் பங்குகளின் இலாபத்தையும் கணக்கிட்ட அளவிற்கு இந்தக் ‘கணக்கிற்கு வராதவர்களை’ நோக்கினார்கள் என்று சொல்வதற்கில்லை.

வேர்ஸ்லிச் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்ரருக்குக் கொண்டுசென்ற பிறிட்ஜ்வோட்டர் கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இரு தலைமுறைக் காலத்துள் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் கால்வாய்கள் பின்னிப் படர்ந்தன. இவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டதே. ஈண்டு நோக்கவேண்டியது 1830களின் பின் நிகழ்ந்த மாற்றமாகும். புகையிரதப் போட்டியினால் ஏற்றுகூலி வீழ்ந்தது. வீழ்ச்சியின் சுமை பெருமளவில் படகோட்டியின் தலையில் இறங்கியது. கரையில் வீட்டுக்கு வாடகை கொடுக்கவும் படகில் உதவியாளுக்குக் கூலி கொடுக்கவும் இயலாத நிலையில் அவன் மனைவியையும் பிள்ளைகளையும் படகிலேற்றினான். ஏறத்தாழ எழுபது அடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட படகில், பின்புறத்தே பத்தடி நீளமான அறை ஒன்றே அவர்களது இல்லம். கூலியோ படகின் தலைவன் ஒருவனுக்கே வழங்கப்பட்டது. சுக்கான் பிடித்த மனைவியும், குதிரைக்குப் பின்னால் நடந்த பத்து வயதுப் பிள்ளையும் கம்பனியின் கூலிப் பதிவேட்டில் இடம்பெறவில்லை.

அக்கூலி நாளுக்கோ வாரத்துக்கோ உரியதன்று. பயணத்துக்கும் பாரத்துக்கும் உரியது. இவ்வொரு விடயத்தை விளங்கிக்கொண்டால், குளிரும் மழையும் நிறைந்த ஓர் இளவேனிற் காலம் அவர்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதும் விளங்கிவிடும். மாரியிற் கால்வாய் உறைந்தால் படகு அசையாது. அசையாத படகுக்குக் கூலியில்லை. கடைக்காரனிடம் கடன் ஏறும். பனி உருகியதும் அக்கடனைத் தீர்க்கும் அவசரம் தொடங்கும். அப்போதுதான் மழையும் தொடங்குகிறது. சுக்கானைப் பிடிப்பவர் படகின் கடைக்கோடியிலே திறந்தவெளியில் நிற்கவேண்டும். இலண்டனுக்கும் பேர்மிங்ஹாமுக்கும் இடையில் 150க்கு மேற்பட்ட நீர்ப்பூட்டுகள். ஒவ்வொன்றிலும் கரைக்குத் தாவி, வளைந்த இரும்புக் கைபிடியினால் மதகுப் பலகையை உயர்த்தி, நீர்மட்டம் சமப்படும்வரை காத்திருந்து, வழுக்கும் செங்கல்லில் காலை ஊன்றிக் கதவின் நெடுமரத்தை முதுகாலே தள்ளவேண்டும். நனைந்த கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும். பிளிஸ்வேர்த் சுரங்கவழியினுள் நுழைந்தாலும் காற்றுத் துவாரங்களினூடே நீர் தலையிற் கொட்டும். இரவில் அறைக்குள் ஒரே அடுப்பு. அதே அடுப்பின் மேலே நனைந்த உடைகள். மறுநாள் விடியுமுன் அரைகுறையாய்க் காய்ந்த அவ்வுடைகளையே மீண்டும் அணிவர். மழைக்காக நிறுத்துவது என்பது அவ்வுலகத்திற் பொருளற்ற சொல். நிறுத்தினால் பின்னால் வரும் படகு முந்திச்சென்று, சுரங்கத்துறையில் பாரமேற்றும் வரிசையில் முன்னிடத்தைப் பிடித்துவிடும். ஆக, தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக ஓடவைக்க மேற்பார்வையாளன் ஒருவனும் வேண்டியிருக்கவில்லை. கூலிமுறையே அதனைச் செய்தது.

1947ஆம் ஆண்டு இதற்குக் கொடிய உதாரணம். ஜனவரி பிற்பகுதியில் தொடங்கிய உறைபனி மார்ச் நடுப்பகுதி வரை நீடித்தது. நாடெங்கும் எரிபொருள் நெருக்கடி நிலவ, நிலக்கரி ஏற்றிய படகுகள் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டுக் கிடந்தன. பின்னர் பனியுருகலும் பெருமழையும் ஒருங்கே வந்து ஆறுகள் கரைபுரண்டன. ஆறும் கால்வாயும் ஒன்றாய் ஓடும் இடங்களில் பாரப்படகைச் செலுத்துவது உயிராபத்தான வேலை. அவ்வேலையும் நடந்தது.

இம்மக்களை ஆளும் வர்க்கம் கண்ட விதமும் கவனிக்கற்பாலது. கோல்வில் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்மித் 1875இல் வெளியிட்ட நூலும் அவரது இடையறாத கிளர்ச்சியும் 1877ஆம் ஆண்டின் கால்வாய்ப் படகுச் சட்டத்துக்கு வழிவகுத்தன. 1884இல் அது திருத்தி வலுப்படுத்தப்பட்டது. படகுகள் குடியிருப்புகளாகப் பதியப்பட்டன. எத்தனை பேர் தங்கலாம் என வரையறுக்கப்பட்டது. ஸ்மித்தின் நேர்மையை ஐயுறவேண்டியதில்லை. செங்கற்சூளைச் சிறுவருக்காகவும் அவர் முன்னர் போராடியவர். ஆயின் அவர் கண்ணுக்குப் பட்டவை அழுக்கும் குடியும் எழுத்தறிவின்மையுமே. சட்டம் அறையின் கன அளவை அளந்தது. குடும்பம் முழுவதையும் அவ்வறைக்குள் தள்ளிய கூலியை அளக்கவில்லை.

கூலியைப் பற்றிப் பேசியவர்கள் படகுத் தொழிலாளர்களே. 1923 ஓகஸ்ட் மாதத்தில் ‘பெலோஸ் மோர்ட்டன் அன்ட் கிளேற்றன்’ கம்பனி கூலியைக் குறைக்க முற்பட்டபோது, பிறவுண்ஸ்ரன் கிராமத்திலே படகுகளை நிறுத்திப் பதினான்கு வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஓரிடத்தில் தங்காதவர்களை ஒன்றுதிரட்டவியலாது என்னும் கருத்துக்கு இது தக்க மறுப்பாகும்.

இலக்கிய மாணவருக்கு மிக முக்கியமான கட்டம் இரண்டாம் உலகப் போர்க்காலம். ஆட்பற்றாக்குறையை நிரப்ப, 1942 தொடக்கம் கரையிலிருந்து பெண்கள் பயிற்றப்பட்டனர். மூவர் சேர்ந்து இரு படகுகளைச் செலுத்தினர்: இயந்திரப் படகொன்று, அது இழுத்துச்செல்லும் படகொன்று. இலண்டனிலிருந்து பேர்மிங்ஹாமுக்கு உருக்கு முதலிய சரக்கு. திரும்பும்போது கொவென்றிப் பகுதி நிலக்கரி. ‘உள்நாட்டு நீர்வழி’ என்பதைக் குறித்த ‘ஐ. டபிள்யூ.’ என்னும் சின்னத்தின் எழுத்துகளைத் திரித்து ‘சோம்பேறிப் பெண்கள்’ எனக் கேலி செய்தனர். இவர்களில் சூசன் வுல்பிற் 1947இல் அப்பெயராலேயே ஒரு நூலையும், எம்மா ஸ்மித் 1948இல் ‘மெய்டன்ஸ் றிப்’ என்பதையும் வெளியிட்டனர். பின்னது பரிசும் பெற்றது.

இவை நல்ல நூல்கள். உடலுழைப்பின் நுணுக்கத்தை, அதிலும் பெண்ணின் உடலுழைப்பை, ஆங்கில உரைநடையில் இத்துணை நெருக்கமாகக் காண்பது அரிது. ஆயினும் மழையும் குளிரும் இவற்றில் சோதனையாக, இளமையின் சாகசமாக வருகின்றன. படகைவிட்டு எப்போது வேண்டுமாயினும் இறங்கிப் போகக்கூடியவரின் மழை அது. அருகே கட்டியிருந்த படகிலே, அதே மழையில் குழந்தைக்குப் பாலூட்டியவாறு சுக்கான் பிடித்த பெண்ணுக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. அவளைப் பற்றி நாம் அறிவதிற் கணிசமான பகுதி இந்நூல்களின் வழியே வந்தது என்பதையும் மறுக்கவியலாது. எனவே இவற்றை நடுத்தரவர்க்க எழுத்தென ஒதுக்கும் நண்பர்களுடன் நான் உடன்படவில்லை. அவளது மௌனத்துக்கு எம்மா ஸ்மித் பொறுப்பாளியல்லர்.

1948 ஜனவரி முதலாந் திகதி கால்வாய்கள் பெரும்பாலும் நாட்டுடைமையாயின. நெடுஞ்சாலைப் போட்டியினால் நலிந்திருந்த தொழிலை 1962-63 மாரியின் உறைபனி முறித்தது. நெடுநாள் நிலைத்த ஒழுங்கான நிலக்கரிப் பயணம் 1970 ஒக்ரோபரில் முடிவுற்றது. அந்நிலக்கரி சென்றது சவுத்தோலில் இருந்த கேர்லி அன்ட் ரொங் கம்பனியின் பழப்பாகுத் தொழிற்சாலைக்கு. தேயிலை இறக்குமதியினால் வளர்ந்த கம்பனி அது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஹட்சன் கேர்லியே பின்னாளில் டெவன்போர்ட் பிரபுவாகி, இலண்டன் துறைமுக அதிகாரசபையின் தலைவராயிருந்து, 1912இல் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை விட்டுக்கொடாது முறியடித்தவர்.