விதைப் பூச்சும் கொழுக்கட்டைப் புல்லின் முளைப்பும்

கொழுக்கட்டைப் புல் வறண்ட மேய்ச்சல் நிலத்துக்கு ஏற்ற பல்லாண்டுப் புல். கொங்குநாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் காடுகளில் காங்கேயம் மாடுகளின் முக்கியத் தீவனம். இதன் விதை மயிரிழைகள் சூழ்ந்த உறைக்குள் இருப்பதால் காற்றில் பறக்கும், ஒன்றோடொன்று சிக்கும், மண்ணில் சரியாகப் படியாது. களிமண், சாணம், மணல் கலவையைப் பூசி உருண்டையாக்கி விதைப்பது இதற்காகத்தான். உருண்டை கனமாக விழும். எறும்புக்கும் எளிதில் கிட்டாது.

ஆனால் பூச்சு ஈரத்தை உண்டாக்குவதில்லை. காய்ந்த மண்ணில் தடித்த பூச்சு, விதைக்குச் சேர வேண்டிய நீரைத் தானே உறிஞ்சி முளைப்பைத் தாமதப்படுத்தும். நீரை ஈர்த்து வைக்கும் பாலிமர் பூச்சோ சிறு தூறலிலேயே விதையை எழுப்பிவிடக்கூடும்; அடுத்த மழை தள்ளிப்போனால் நாற்று கருகும். வறண்ட நிலத்தில் இதுவே பெரிய ஆபத்து.

பயறுவகைத் தீவனப் பயிரான குதிரைமசாலுக்குச் சுண்ணாம்புப் பூச்சு இடுவது வேறு நோக்கத்துக்கு: அமில மண்ணில் வேர்முடிச்சு நுண்ணுயிரைக் காக்க. அத்தகைய விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு பூச்சாகவே இருக்கலாம். விதையளவைக் கணக்கிடும்போது இதைக் கழிக்க வேண்டும்.

புதிதாக அறுத்த கொழுக்கட்டை விதைக்கு உறக்கநிலை உண்டு. களிமண் பூச்சு அதைப் போக்காது. சில மாதங்கள் சேமித்துவைத்து, பருவமழைத் தொடக்கத்தில் விதைப்பதே நல்லது.