பொய்க் குருதியும் மெய்க் குருதியும்

கோடம்பாக்கம் என்றவுடன் தமிழகம் முழுமைக்கும் திரைப்படமே நினைவுக்கு வரும். ஆர்க்காட்டு நவாபின் குதிரைகள் மேய்ந்த 'கோடா பாக்' என்னும் தோட்டமே அப்பெயருக்கு மூலம் என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அவ்வழக்கு இங்கு நமக்கு வேண்டுவதன்று. அவ்வூர்ப் படப்பிடிப்புத் தளங்களில் வெட்டும் குத்தும் நிகழும்போதெல்லாம் வழிவது சாயநீரே. அங்கிருந்து கிழக்கே சில மைல் சென்றால், மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில், தமிழக அரசின் தடய அறிவியல் துறை இருக்கிறது. ஒரு துணியில் படிந்த செங்கறை சாயமா, குருதியா, குருதியாயின் விலங்கினுடையதா, மனிதருடையதா, மனிதருடையதாயின் எவருடையது? இவற்றை ஆராய்வது அங்குள்ளோர் பணிகளுள் ஒன்று. இவ்வினாக்களின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

திருமறையின் 12-ஆம் அத்தியாயம் நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தது. யூசுப் (அலை) அவர்களைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள், அவர்தம் சட்டையில் பொய்க் குருதியைத் தோய்த்துத் தந்தையிடம் கொணர்ந்தனர். அது ஆட்டுக்குட்டியின் குருதி என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். சட்டை எங்கும் கிழியாதிருந்ததைக் கண்டே யஃகூப் (அலை) அவர்கள் ஓநாய்க் கதை புனைவு என்று தெளிந்தார்கள் என்பதும் அவர்கள் தரும் விளக்கம். ஈண்டு நாம் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அது சாயமன்று, உண்மையான இரத்தமே. ஆயினும் அது உரைத்த கதை பொய். இரத்தம் எத்தகையது என்பது ஒரு வினா. அது எவ்வாறு அங்கு வந்தது என்பது வேறொரு வினா.

டமாஸ்கஸில் வாழ்ந்து ஹிஜ்ரி 751-ல் (கி.பி. 1350) மறைந்த பேரறிஞர் இப்னுல் கையிம், 'அத்துருகுல் ஹுக்மிய்யா' என்னும் நூலில் இதனினும் கூர்மையான நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். பாழடைந்த இடமொன்றில், குருதி தோய்ந்த கத்தியுடன் ஒருவன் பிடிபட்டான். அவன்முன் ஒரு பிணம் கிடந்தது. அலீ (ரலி) அவர்களிடம் கொண்டுவரப்பட்டதும், "நானே கொன்றேன்" என்று அவன் ஒப்புக்கொண்டான். தண்டனைக்கு அழைத்துச் செல்லப்படுகையில் வேறொருவன் ஓடிவந்து, கொன்றவன் தானே என்றான். முன்னவன் ஏன் பொய்யாக ஒப்புக்கொண்டான்? அவன் ஒரு கசாப்புக் கடைக்காரன். விடியலில் மாடு அறுத்து, தோலுரிக்கும் வேளையில் சிறுநீர் கழிக்க அங்கு ஒதுங்கியவன், பிணத்தைக் கண்டு திகைத்து நின்றான், காவலர் வந்துவிட்டனர். கத்தியும் குருதியும் கையில் இருக்க, தன் சொல்லை எவர் நம்புவர் என்றெண்ணிப் பழியை ஏற்றுக்கொண்டான். முடிவில் இருவருமே விடுவிக்கப்பட்டனர். உண்மையை உரைத்து ஓருயிரைக் காத்தவன் என்பதால் இரண்டாமவனுக்கும் உயிர் கிடைத்தது. இறந்தவருக்குரிய ஈட்டுத்தொகை பைத்துல்மாலிலிருந்து வழங்கப்பட்டது.

அந்தக் கசாப்புக்காரன் 1849-ல் சென்னையில் பிடிபட்டிருந்தால் என்னாகியிருக்கும்? அவ்வாண்டில்தான் சென்னை மாகாண அரசு இரசாயனப் பரிசோதகர் நிலையத்தை நிறுவியது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுள் அதுவே முதலாவது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆகியவை பின்னர் வந்தவை. நஞ்சைக் கண்டறிவதே அதன் தலையாய வேலை. அக்காலக் கருவிகளால் அவனுக்குப் பெரும்பயன் விளைந்திராது. கறையிலிருந்து பழுப்பு நிறப் பளிங்குகளை எழச்செய்து 'இது குருதியே' என்று காட்டும் முறையை டைக்மன் 1853-ல்தான் வெளியிட்டார். 1863-ல் ஷான்பைன், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டினால் குருதி நுரைக்கும் என்று கண்டார். சில காய்கறிச் சாறுகளும் இவ்வகைச் சோதனையை ஏமாற்றிவிடும். நுண்ணோக்காடியில் நோக்கினால் பறவை, மீன் ஆகியவற்றின் சிவப்பணு நீள்வட்டமாய் உட்கருவோடு தோன்றும். பாலூட்டிகளினது உட்கருவின்றி வட்டமாயிருக்கும். ஒட்டக இனத்தின் அணு மட்டும் உட்கருவின்றியும் நீள்வட்டமானது. (அரபு நாட்டில் ஒட்டகம் அறுத்தவன் ஒருவேளை தப்பியிருப்பான்!) மாட்டின் அணுவும் மனிதனின் அணுவும் அளவில் மட்டுமே சிறிது வேறுபடுவன, கறை உலர்ந்து சுருங்கியபின் அவ்வேறுபாட்டை நம்பி ஒருவன் கழுத்தில் கயிறு மாட்ட இயலாது. 'பாலூட்டியின் இரத்தம்' என்பதற்கு மேல் சான்றுரைக்க வழியில்லை.

வழி திறந்தது 1901-ல். ஜெர்மானிய அறிஞர் ஊலன்ஹூத், மனித இரத்தநீரை முயலுக்கு ஊசிவழி செலுத்தினார். முயலின் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாயிற்று. அம்முயலின் இரத்தநீரைக் கறையின் கரைசலோடு சேர்த்தால், கறை மனிதருடையதாயின் வெண்மையாய்க் கலங்கும். மாட்டினுடையதாயின் தெளிந்தே நிற்கும். அதே ஆண்டில் ரூகன் தீவில் இரு சிறுவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் டெஸ்நோ என்னும் தச்சன், தன் துணிக் கறைகள் மரச்சாயம் என்றும் கால்நடையின் இரத்தம் என்றும் வாதாடினான். ஊலன்ஹூத் நூறுக்கு மேற்பட்ட கறைகளைச் சோதித்தார். சிலவற்றில் மனித இரத்தமும் சிலவற்றில் ஆட்டு இரத்தமும் இருந்தன. குற்றவாளியைப் பிடித்த சோதனை என்றே இதனைப் புகழ்வர். நாமோ, கசாப்புக்காரனை விடுவிக்கவல்ல முதற்சோதனை என்று கூறுவோம்.

அம்முறை இந்தியாவுக்கும் வந்தது. 1910-களில் கல்கத்தாவில் 'இம்பீரியல் செராலஜிஸ்ட்' என்னும் பதவி அமைந்தது. இந்நாட்டார் ஆட்டுக் குருதியைப் பூசி அயலான்மீது கொலைப்பழி சுமத்துவர் என்ற எண்ணம் அன்றைய ஆங்கில அதிகாரிகளிடம் ஊறிக்கிடந்தது. பொய்ச்சான்று எந்நாட்டிலும் உண்டு. அதனை ஒரு நாட்டாரின் குணமாகக் காட்டியது ஆள்வோரின் அகந்தையே என்பது நம் கருத்து. சென்னை மாகாணத்து வேட்டியும் அரிவாளும் ஆயிரம் மைல் கடந்து கல்கத்தா செல்லவேண்டியிருந்தது. வெப்பத்திலும் ஈரத்திலும் குருதி சிதையும். 'சிதைந்துவிட்டது, எவ்வினத்தது என்று கூற இயலவில்லை' என்னும் அறிக்கை நம் நீதிமன்றங்களுக்கு இன்றும் பழக்கமானது. அத்தகைய அறிக்கையினாலேயே அது மனித இரத்தமன்று என முடிவுகட்டலாகாது என்று 1999-ல் தேஜா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019-ல் பல்வான் சிங் வழக்கில், ஏனைய சான்றுகளின் வலிமையைப் பொறுத்தே அத்தகைய கறையை மதிப்பிட வேண்டும் என்று விளக்கியது.

எவருடையது என்னும் வினாவுக்கு லாண்ட்ஸ்டைனர் கண்ட இரத்தப் பிரிவுகள் பாதி விடையே தந்தன. உலர்ந்த கறையிலும் பிரிவு காணும் முறையை 1915-ல் இத்தாலியின் லட்டேஸ் அமைத்தார். பிரிவு வேறுபட்டால் 'இவனுடையதன்று' என்பது உறுதி. ஒன்றுபட்டாலோ அப்பிரிவினர் இலட்சக்கணக்கில் உளர். மறுபாதி விடை 1984-ல் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்ட டி.என்.ஏ. முறையால் வந்தது. கொலைவழக்கில் அது முதலில் செய்த காரியம் வியப்பிற்குரியது. 1986-ல், ஒரு சிறுமியைக் கொன்றதாகத் தானே ஒப்புக்கொண்ட 17 வயது இளைஞன் குற்றமற்றவன் என்று அது காட்டியது. பாழிடத்துக் கசாப்புக்காரனின் கதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் மீண்டும் நிகழ்ந்தது போலும்! நம் நாட்டில் ஐதராபாத் ஆய்வகத்தில் லால்ஜி சிங் 1988-ல் இம்முறையை நிலைநாட்டினார்.

இனி, குருதி எவ்வாறு அங்கு வந்தது என்னும் வினா. 1895-ல் பியோட்ரோவ்ஸ்கி என்பார் உயிருள்ள முயல்களை அடித்துத் தெறிப்புகளைக் குறித்துவைத்தார், கொடுமைதான். செங்குத்தாக விழும் துளி வட்டமாகும். சாய்ந்து விழுவது நீளும். அகலத்தை நீளத்தால் வகுத்துச் சாய்கோணம் கணிப்பர். பல துளிகளின் பாதைகளைப் பின்னோக்கி நீட்டி, அடி விழுந்த இடத்தை மதிப்பர். கணக்கு எளிது, ஆனால் அதன்மேல் எழுப்பும் கதை எளிதன்று. இத்துறையின் ஐயப்பாடுகள் மிகப் பெரியவை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழு 2009-ல் எச்சரித்தது. டெக்ஸஸில் மனைவியைக் கொன்றதாகச் சிறைப்பட்ட ஜோ பிரையன் என்னும் பள்ளி முதல்வருக்கு எதிரான தெறிப்புச் சாட்சியம் அறிவியலுக்குப் பொருந்தாதது என்று அம்மாநிலத் தடய அறிவியல் ஆணையம் 2018-ல் கண்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அவர், 2020-ல்தான், அதுவும் பரோலில், வெளிவந்தார். ஒருவேளை சாட்சியிடம் சட்டை கிழிந்ததா என்று கேட்பார் இல்லை போலும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடம் செல்லவேண்டும். இதனைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. அதுவரை பல இடங்களில் துணியை எடுப்பது ஊர்க் காவலரே. ஈரத் துணியை நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக்கில் அன்றித் தாளில் சுற்றி, தனித்தனியே கட்டி முத்திரையிட்டு அனுப்பினால்தான், ஆய்வகத்தார் சோதிப்பதற்கு அதில் ஏதேனும் எஞ்சியிருக்கும்.